பெரியப்பா கட்டிய ஐம்பதாயிரம் எப்போது வருவாய் ஆகிறது?

பெங்களூரு அல்சூர் பஜார் பக்கம் என் பெரியப்பாவுக்கு ஒரு பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை, சீர்வரிசைக்கு வேண்டிய வெண்கலப் பானை என்று எல்லாம் இருக்கும். போன மார்ச் 25ஆம் தேதி, சித்திரை வியாபாரத்தை மனதில் வைத்து முதல்முறையாக இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனி மூலமாகத்தான். விளம்பரத்துக்கு 50,000 ரூபாய், ஜிஎஸ்டி 9,000 ரூபாய், ஆக 59,000 ரூபாயைப் போனிலேயே கட்டிவிட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கணக்கு வருடத்தின் கடைசி நாளான மார்ச் 31 அன்று வேலை முடிந்து பெல்லந்தூரிலிருந்து வீடு வந்து சேர ராத்திரி மூன்று மணி ஆனதைச் சொன்னேன்.

"வந்த காசை எண்ணிக் கூட்டினா வருமானம். அதுக்கு எதுக்கும்மா மூணு மணி?"

"உங்க அம்பதாயிரத்துல அன்னிக்கு எங்க வருவாய் 12,400 ரூபாதான் பெரியப்பா."

"மீதி?"

"கடன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதை உட்கார்ந்துதான் விளக்க வேண்டும் என்று புரிந்தது. அன்று கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவருக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். கணக்கியல் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

காசு கைக்கு வருவது, பில் போடுவது, வருவாய் என்று பேரேட்டில் எழுதுவது மூன்றும் தனித்தனி நிகழ்ச்சிகள். மளிகைக் கடையில் மூன்றும் ஒரே நிமிடத்தில் நடந்துவிடுவதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். தை முகூர்த்தத்துக்கு ஆவணியிலேயே அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். மண்டபக்காரர் அந்தக் காசை எடுத்துச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் மண்டபத்தைத் திறந்துவிட்டு, கல்யாணம் நடந்து முடிகிறவரை அது அவர் சம்பாதித்த பணம் இல்லை. நடுவில் மண்டபம் இடிந்து விழுந்தால் திருப்பித் தர வேண்டிய பணம். கணக்கில் அதற்குப் பெயர் பொறுப்பு, அதாவது கடன்.

சொன்ன வேலையை எவ்வளவு செய்து கொடுத்தோமோ அவ்வளவுதான் வருவாய். இந்த ஒரு வரியைத்தான் உலகம் முழுக்கப் பல நூறு பக்கங்களில் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சர்வதேசக் கணக்கியல் தர வாரியமும் அமெரிக்கத் தர வாரியமும் சேர்ந்து உழைத்து அதை 2014 மே மாதம் வெளியிட்டார்கள். சர்வதேச விதிக்கு ஐஎஃப்ஆர்எஸ் 15 என்று பெயர்; 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நம் நாட்டில் அதன் வடிவம் இண்ட் ஏஎஸ் 115. 2018 ஏப்ரல் 1 முதல். அதற்கு முன்னால் சரக்குக்கு ஒரு பார்வை, கட்டுமானத்துக்கு ஒரு பார்வை என்று விதிகள் சிதறிக் கிடந்தன.

புது விதி ஐந்து கேள்விகள் கேட்கிறது. யாரோடு ஒப்பந்தம்? அதில் என்னென்ன செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறோம்? அதற்கு மொத்தம் எவ்வளவு கிடைக்கும்? அந்தத் தொகையை ஒவ்வொரு வேலைக்கும் எப்படிப் பிரிப்பது? எந்த வேலை எப்போது முடிந்தது? பாத்திரக் கடைக்கு இவை எல்லாவற்றுக்கும் அரை நொடியில் பதில் சொல்லிவிடலாம். இணைய விளம்பரத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற்றம் ஆரம்பிக்கும். இங்கே விற்கிற சரக்கு என்பதே இன்னொரு மனிதனின் கண்ணும் விரலும்தான்.

பெரியப்பா எடுத்தது கிளிக்குக்குக் காசு என்கிற வகை. யாராவது விளம்பரத்தைத் தொட்டு அவர் கடைப் பக்கத்துக்குப் போனால் 4 ரூபாய். பத்தாயிரம் பேர் பார்த்துவிட்டுத் தொடாமல் போனால் எங்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. மார்ச் 31 நள்ளிரவு வரை வந்த செல்லுபடியான கிளிக் 3,100. நாலால் பெருக்கினால் 12,400. மீதி 37,600 ரூபாய் பொறுப்புகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. ஏப்ரலில் ஒவ்வொரு கிளிக்காக அங்கிருந்து நாலு நாலு ரூபாயாக வருவாய்ப் பக்கம் நகரும். 9,000 ரூபாய் ஜிஎஸ்டி எந்தக் காலத்திலும் எங்கள் வருவாய் ஆகாது. அது அரசாங்கத்தின் பணம், எங்கள் வழியாகப் போகிறது, அவ்வளவுதான்.

செல்லுபடியான கிளிக் என்றேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாள் பெரியப்பாவே தன் விளம்பரத்தை முப்பது தடவை தொட்டிருக்கிறார். "வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்றார். ஒரே போனிலிருந்து இப்படித் தொடர்ந்து வருவதைக் கணினி கண்டுபிடித்துக் கழித்துவிடும். எதிர்க்கடைக்காரர் எரிச்சலில் தொட்டாலும், எங்கோ ஒரு நிரல் மனிதன்போல நடித்துத் தொட்டாலும் அதே கதிதான். சில அன்றே பிடிபடாது, இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். அப்போது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகையால் இவ்வளவு திரும்பிப் போகும் என்று பழைய அனுபவத்தை வைத்து ஒரு தொகையை மதிப்பிட்டு, மாதக் கடைசியிலேயே வருவாயில் கழித்துவிடுவோம். கிளிக் நடந்தும் காசு நிச்சயமில்லை என்கிற நிலை பாத்திரக் கடையில் வராது.

எல்லா விளம்பரமும் கிளிக்கில் ஓடுவதில்லை. பெரிய கம்பெனிகள் பெயர் பரவினால் போதும் என்று ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், தொழிலில் சிபிஎம் என்போம். இங்கே பார்வை நடந்த நேரத்தில் வருவாய் பிறக்கிறது. சரி, பார்வை என்றால் என்ன? விளம்பரம் பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது, வாசகர் அதுவரை உருட்டவே இல்லை, அது பார்வையா? அமெரிக்காவில் இதற்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். படத்தில் பாதிப் பங்காவது திரையில் தொடர்ந்து ஒரு நொடி தெரிந்திருக்க வேண்டும். வீடியோ என்றால் இரண்டு நொடி. ஒப்பந்தத்தில் இப்படித் தெரிந்தால்தான் காசு என்று எழுதியிருந்தால், தெரியாத விளம்பரம் எத்தனை லட்சம் போயிருந்தாலும் வருவாய் இல்லை. அனுப்பினாலே காசு என்று எழுதியிருந்தால் அனுப்பியதும் வருவாய்.

இன்னொரு வகை, நாள் கணக்கு. ஒரு செய்தித் தளத்தின் முகப்பை ஒரு நாள் முழுக்க வாங்குவது, வேலைவாய்ப்புத் தளத்தில் வருடச் சந்தா கட்டுவது, ஜஸ்ட் டயல் மாதிரியான தளத்தில் கடையின் பெயர் மேலே வருவதற்கு மாதக்கணக்கில் பேக்கேஜ் எடுப்பது. யார் தொட்டார்கள், தொடவில்லை என்பது இங்கே பொருட்டில்லை. நாள் ஓட ஓட வருவாய் ஏறும். நௌக்ரி தளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் தன் காலாண்டு முடிவுகளில் வருவாயோடு பில்லிங் என்ற எண்ணையும் தனியாகச் சொல்வது இதனால்தான். இந்தக் காலாண்டில் எவ்வளவுக்கு பில் போட்டோம் என்பது பில்லிங். அதில் எவ்வளவுக்கு வேலை முடித்தோம் என்பது, பழைய பில்களின் மிச்சத்தோடு சேர்ந்து, வருவாய். பில்லிங் படுத்துவிட்டால் வருவாயும் கொஞ்ச காலத்தில் படுக்கும். பங்கு வாங்குகிறவர்கள் அதற்காகவே அந்த எண்ணை முதலில் பார்ப்பார்கள்.

செயலி தரவிறக்கம் ஆனால்தான் காசு என்பது இன்னும் வம்பான வகை. மார்ச் 29 அன்று ஒருவர் விளம்பரத்தைத் தொடுகிறார், ஏப்ரல் 2 அன்று செயலியை இன்ஸ்டால் செய்கிறார். வருவாய் ஏப்ரலுக்குத்தான். ஆனால் அந்த விளம்பரம் வந்த இடத்துக்குச் சொந்தக்காரருக்கு மார்ச் கணக்கிலேயே நாங்கள் காசு தர வேண்டியிருக்கலாம். செலவு இந்த வருடம், வரவு அடுத்த வருடம்.

அந்த மூன்று மணிக்கு வருகிறேன். பெரியப்பா முன்பணம் கட்டினார். பல கம்பெனிகளுக்காக விளம்பரம் வாங்கித் தரும் பெரிய ஏஜென்சிகள் கட்டாது. விளம்பரத்தை ஓட்டச் சொல்லி ரிலீஸ் ஆர்டர் அனுப்பும், நாங்கள் விளம்பரத்தை ஓட்டுவோம், அடுத்த மாதம் பில் போடுவோம், காசு வர அறுபது தொண்ணூறு நாள் ஆகும். பில் போடாவிட்டால் என்ன, வேலை மார்ச்சில் முடிந்துவிட்டது. ஆகவே வருவாய் மார்ச்சுக்குத்தான். பில் போடாத வருவாய் என்று தனி வரியில் எழுதுவோம். அதை எழுத எண்ணிக்கை வேண்டும். எங்கள் கணினி 50 லட்சம் பார்வை என்று சொல்லும், ஏஜென்சியின் கணினி 47 லட்சம் என்று சொல்லும். ஆயிரத்துக்கு 100 ரூபாய் என்றால் வித்தியாசம் 30,000 ரூபாய். ஒப்பந்தத்தில் யார் எண்ணிக்கை செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். அந்தத் தாளைத் தேடுவதில்தான் பாதி ராத்திரி போகிறது.

இன்னொரு பாதி, நள்ளிரவு என்பது யாருடைய நள்ளிரவு என்பதில். விளம்பரக் கணினிகள் பல, உலகப் பொது நேரத்தில் நாளை எண்ணும். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. அதன் மார்ச் 31 முடியும்போது இங்கே ஏப்ரல் 1 காலை ஐந்தரை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நான் அந்த அறிக்கையை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டேன். ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்தரை மணி நேரத்து வருவாய் பழைய வருடத்தில் ஏறிவிட்டது. அந்த நேரத்தில் யார் விளம்பரம் பார்ப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம்; நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆடிட்டர் அப்படி நினைக்கவில்லை.

இதுவரை சொன்னது எப்போது என்கிற கேள்வி. இதைவிடப் பெரிது, எவ்வளவு என்கிற கேள்வி. ஒரு விளம்பர நிறுவனத்தின் வருவாய் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால், இதைத் தெரிந்துகொள்ளச் சொல்வேன்.

கே.ஆர். மார்க்கெட்டுக்கு ஓசூர் பக்கமிருந்து ரோஜா வருகிறது. ஒரு வியாபாரி விவசாயியிடமிருந்து ஒரு கட்டை 100 ரூபாய்க்கு வாங்கி 120 ரூபாய்க்கு விற்கிறார். விற்காமல் வாடிப்போனால் நஷ்டம் அவருக்கு. விலை சொல்வதும் அவர்தான். அவருடைய வருவாய் 120, பூவுக்கு ஆன செலவு 100, மிச்சம் 20. பக்கத்தில் கமிஷன் மண்டி வைத்திருக்கிறவர் விவசாயியின் பூவை விவசாயிக்காக 120 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்து 12 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். வாடினால் விவசாயியின் தலையெழுத்து. கையில் 120 ரூபாய் வாங்கி எண்ணினாலும் மண்டிக்காரரின் வருவாய் 12 ரூபாய்தான். முதல் ஆள் பிரின்சிபல், இரண்டாவது ஆள் ஏஜென்ட்.

இணைய விளம்பரத்தில் பூ என்பது யாரோ ஒருவரின் வலைப்பக்கத்தில் உள்ள காலியிடம். விளம்பரதாரர் 100 ரூபாய் தருகிறார், நாங்கள் 70 ரூபாயை அந்தப் பக்கத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டு 30 வைத்துக்கொள்கிறோம். வருவாய் 100 என்று எழுதி 70 ரூபாயைச் செலவில் காட்டுவதா, 30 என்று எழுதுவதா? எப்படி எழுதினாலும் லாபம் மாறாது. மாறுவது மேல்வரி, அதாவது கணக்கின் உச்சியில் நிற்கும் வருவாய் எண் மட்டும், மூன்று மடங்குக்கும் மேல்.

விதி கேட்பது இது: அந்த இடம் விளம்பரதாரரிடம் போவதற்கு முன் உன் கட்டுப்பாட்டில் இருந்ததா? வேலை கெட்டால் வாடிக்கையாளர் யார் சட்டையைப் பிடிப்பார்? விற்காத இடத்தின் நஷ்டம் யாருக்கு? விலையை யார் வைக்கிறார்கள்? பதில்களைச் சேர்த்துப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு போட ஒரு சூத்திரம் இதற்கு இல்லை.

கூகுள் தன் கூட்டாளித் தளங்களில் வரும் விளம்பரங்களுக்குப் பொதுவாகத் தன்னைப் பிரின்சிபல் என்று சொல்கிறது. முழுத் தொகையும் வருவாயில் வரும். 2023இல் கூகுளின் விளம்பர வருவாய் சுமார் 23,790 கோடி டாலர். அதில் கூட்டாளித் தளங்களுக்கும், தன் தேடலைப் போனில் முன்னிருப்பாக வைக்கும் கம்பெனிகளுக்கும் கொடுத்தது சுமார் 5,090 கோடி டாலர். டிராஃபிக் பிடிக்கிற செலவு என்று அதைத் தனியாகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் தி டிரேட் டெஸ்க் என்ற அமெரிக்க நிறுவனம். அதே 2023இல் அதன் மேடை வழியாக விளம்பரதாரர்கள் செலவழித்தது சுமார் 960 கோடி டாலர். அது காட்டிய வருவாய் சுமார் 195 கோடி டாலர். மண்டிக்காரர் கணக்கு. இரண்டின் மேல்வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது பெரிசு, அது சின்னது என்று சொல்கிறவர் பூ வியாபாரியையும் மண்டிக்காரரையும் ஒரே தராசில் வைக்கிறார்.

இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் உண்டு. சலுகைக் கூப்பன் விற்ற குரூப்பான் 2011இல் பங்குச் சந்தைக்கு வர மனுப் போட்டபோது, 2010க்கான வருவாய் சுமார் 71 கோடி டாலர் என்று காட்டியிருந்தது. கூப்பன் வாங்கியவர்கள் தந்த முழுத் தொகை அது. அதில் பெரும்பங்கு உணவகங்களுக்கும் சலூன்களுக்கும் போக வேண்டியது. கேள்விகள் எழுந்து திருத்தியபோது அதே வருட வருவாய் சுமார் 31 கோடி டாலர் ஆனது. அந்த மாற்றத்தால் ஒரு டாலர்கூட நஷ்டமாகவில்லை. பாதிக்கும் மேல் சுருங்கியது எண் மட்டும்தான். வளர்கிற கம்பெனிகளுக்கு வருவாயின் இத்தனை மடங்கு என்று விலை போடுகிற காலத்தில், அந்த எண் சும்மா எண் இல்லை.

இதைவிடத் துணிச்சலான கதை, தொண்ணூறுகளின் கடைசியில் இணையக் கம்பெனிகள் பெருகிய டாட்காம் காலத்தது. இரண்டு தளங்கள், காசே கைமாறாமல், உன் விளம்பரம் என் பக்கத்தில், என் விளம்பரம் உன் பக்கத்தில் என்று மாற்றிக்கொண்டு, இரண்டும் பத்து லட்சம் வருவாய் என்று எழுதிக்கொள்ளும். காலி இடம் இருந்தது, அது சும்மா கிடந்தது, அதற்கு ஒரு விலையை அவர்களே வைத்தார்கள். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க விதி இறுகியது: அதே மாதிரி விளம்பரத்தைக் காசுக்கு விற்ற சரித்திரம் உனக்கு இருந்தால்தான் இப்படி மதிப்புப் போடலாம். அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் விஷயம் இன்னொரு படி மேலே. விளம்பரம் வாங்குவதற்கான பணத்தைச் சுற்றுவழியில் தானே கொடுத்து, அது விளம்பர வருவாயாகத் திரும்பி வந்ததாக எழுதியது என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. தாய் நிறுவனமான டைம் வார்னர், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2005 மார்ச்சில் 30 கோடி டாலர் அபராதம் கட்ட இசைந்தது. வலது பையிலிருந்து இடது பைக்குப் போட்டதைச் சம்பாத்தியம் என்று சொன்ன மாதிரி, என்று பெரியப்பா இதைக் கேட்டுச் சிரித்தார்.

கழிவுகளைப் பற்றிக் கொஞ்சம். வருடத்தில் ஒரு கோடிக்கு மேல் வாங்கினால் இவ்வளவு திருப்பித் தருகிறோம் என்று ஏஜென்சியிடம் சொல்லியிருந்தால், மார்ச்சில் அது எட்டுகிறதா என்று காத்திருக்கக் கூடாது. எட்டும் என்று எதிர்பார்த்தால் ஏப்ரலிலிருந்தே ஒவ்வொரு மாத வருவாயிலும் அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். 2,000 ரூபாய் செலவழித்தால் இன்னொரு 2,000 ரூபாய்க்கு விளம்பரம் இலவசம் என்கிற கூப்பனும் அப்படித்தான். 4,000 ரூபாய்க்கான விளம்பரம் ஓடினாலும் வருவாய் 2,000தான்.

விளம்பரத்தோடு மென்பொருளும் சேர்த்து விற்கிறபோது, தொகையை எப்படிப் பிரிப்பது என்கிற நாலாவது கேள்வி வேலைக்கு வருகிறது. ஒரு கடைக்காரருக்கு வருடத்துக்கு 1,20,000 ரூபாய் என்று ஒரே விலை சொல்கிறோம். உள்ளே ஒரு மென்பொருளும் ஒரு கட்டு விளம்பரமும் இருக்கின்றன. தனியாக வாங்கினால் மென்பொருள் 90,000, விளம்பரம் 60,000. அதே விகிதத்தில் பிரித்தால் மென்பொருளுக்கு 72,000, விளம்பரத்துக்கு 48,000. மென்பொருளின் பங்கு மாதாமாதம் 6,000 ரூபாயாக வருடம் முழுக்க வரும், விளம்பரத்தின் பங்கு விளம்பரம் ஓடுகிற வேகத்தில் வரும். மென்பொருளை நிறுவிக் கொடுக்கத் தனியாக வாங்கும் கட்டணம் பெரும்பாலும் தனி வேலையாகக் கணக்கில் நிற்காது. மென்பொருள் இல்லாமல் நிறுவலை மட்டும் யார் வாங்குவார்? அதையும் வருடம் முழுக்கப் பரப்பிவிடுவோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். கடையில் பாத்திரச் சீட்டு நடத்துகிறார். மாதம் 500 ரூபாய், பதினோரு மாதம் கட்டினால் பன்னிரண்டாவது மாதம் 6,000 ரூபாய்க்குப் பாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

"ஏம்மா, இதை நான் மாசாமாசம் வியாபாரத்துல சேர்த்துத்தான் எழுதிட்டு வர்றேன்."

"எத்தனை மாசம் ஆச்சு?"

"ஏழு."

நாற்பது பேர், ஏழு மாதம், ஐந்நூறு ரூபாய். அவரே மனக்கணக்காகப் போட்டார், 1,40,000. இன்னும் ஒரு டம்ளர்கூட அந்த நாற்பது பேரில் யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசியில் கொடுக்கிற அந்த 500 ரூபாய்த் தள்ளுபடியை எங்கே எழுதுவது என்று அடுத்துக் கேட்டார். நான் டீ சொல்லச் சொன்னேன்.